இன்சுலின் டோஸ் குறைஞ்சிருக்கு, நிறுத்திடலாமா?

ஒரு அப்பா கேட்டிருக்கார்: பொண்ணுக்கு 9 வயசு, 28 கிலோ, நாலு மாசம் முன்னாடி டைப் 1 சர்க்கரைன்னு சொல்லி ஒரு நாளைக்கு 18 யூனிட் இன்சுலின் ஆரம்பிச்சாங்க, இப்ப 6 யூனிட்லயே சுகர் நார்மலா நிக்குது, தெரிஞ்சவர் மூலமா வந்த ஒருத்தர் கணையம் திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு, இன்சுலினை நிறுத்திட்டு எங்க பவுடரை மூணு மாசம் குடுங்கன்னு சொல்றார், நிறுத்தலாமா?

நிறுத்தாதீங்க. ஒரு நாள் கூட வேண்டாம்.

டைப் 1ல நம்ம எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்களை அழிக்குது. கண்டுபிடிக்கற நேரத்துல கொஞ்சம் செல் மிச்சம் இருக்கும், வெளியில இருந்து இன்சுலின் போனதும் அதுங்க மேல இருக்கற பாரம் குறைஞ்சு திரும்ப கொஞ்சம் சுரக்கும், அதனாலதான் டோஸ் இறங்குது. இதை ஹனிமூன் பீரியட்னு சொல்வோம். சில மாசம் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் போகும், அப்புறம் டோஸ் ஏறத்தான் செய்யும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு இதை அஞ்சு நிமிஷம் உக்காந்து சொல்ல வேண்டியது டாக்டர்களான எங்க கடமை, ஊசி போட சொல்லிக் குடுத்துட்டு அனுப்பிடறோம், அந்த இடைவெளியில பவுடர்காரன் நுழைஞ்சிடறான்.

அவன் தேடறதே புதுசா நோய் வந்த குடும்பங்களைத்தான். அவன் காட்டற "முன்னாடி, பின்னாடி" ரிப்போர்ட் எல்லாத்துலயும் தேதியைப் பாருங்க, பெரும்பாலும் முதல் வருஷத்து ரிப்போர்ட்தான் இருக்கும், அந்த ரிசல்ட்டைக் குடுத்தது ஹனிமூனும் அதுவரைக்கும் போட்ட இன்சுலினும்தான். அதே குழந்தையோட மூணாவது வருஷ ரிப்போர்ட்டைக் கேளுங்க, வராது.

"ஒரு குழந்தைக்கு இன்சுலினையே நிறுத்திட்டாங்களே, நானே கேள்விப்பட்டேன்"னு யாராவது சொல்லுவாங்க. அது பொய் இல்ல. பிறந்து ஆறு மாசத்துக்குள்ள சர்க்கரை வந்தா அது பெரும்பாலும் டைப் 1 கிடையாது, ஒரு ஜீன் கோளாறு. அதுல சில வகைக்கு ஜீன் டெஸ்ட் பண்ணி உறுதி செஞ்சுட்டு, ஆஸ்பத்திரி கண்காணிப்புல இன்சுலினுக்குப் பதிலா மாத்திரைக்கு மாத்த முடியும். ஆறு மாசத்துக்குள்ளன்னா ஆறு மாசத்துக்குள்ளதான், உங்க பொண்ணுக்கு வந்தது 9 வயசுல. அவளோட ஃபைல்ல ஜிஏடி ஆன்டிபாடி டெஸ்ட் (எதிர்ப்பு சக்தி கணையத்தைத் தாக்குதான்னு காட்டற ரத்த டெஸ்ட்) இருக்கான்னு பாருங்க, அது பாசிட்டிவ்னா இந்த விதிவிலக்கு அவளுக்கு இல்லவே இல்ல. அந்த டெஸ்ட் எடுக்கலன்னாலும் நீங்களா ஊசியை நிறுத்தக் கூடாது, டாக்டர்கிட்ட எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

ஊசி நின்னா உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சு கீட்டோன்ங்கற அமிலம் ரத்தத்துல சேரும். வயித்து வலி, வாந்தி, இழுத்து இழுத்து வேகமா மூச்சு, வாயில பழ வாசனை. இதை வயித்துக் கோளாறுன்னு நினைச்சு வீட்டுல வச்சுப் பாத்த குழந்தைங்க கோமாவுல வந்து சேர்றாங்க. கீட்டோன் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் வீட்டுல இருக்கணும், அதை யாரும் எழுதித் தரலன்னா நீங்களே கேட்டு வாங்குங்க. மீட்டர்ல கீட்டோன் 0.6க்குக் கீழ பரவாயில்ல, 1.5 தாண்டினா உடனே டாக்டருக்கு ஃபோன், 3 தாண்டினாலோ வாந்தி நிக்கலன்னாலோ நேரா எமர்ஜென்சி. காய்ச்சல்ல சாப்பிடலன்னாலும் நாள் முழுக்க வேலை செய்யற அந்த நீண்ட நேர இன்சுலினை விடக் கூடாது. சுகர் அடிக்கடி 70க்குக் கீழ போச்சுன்னா டோஸைக் குறைக்கச் சொல்லி டாக்டரைக் கேளுங்க, குறைக்கறது வேற, நிறுத்தறது வேற.

கண்ணு, கிட்னி போயிடுமோன்னு வேற பயந்திருப்பீங்க. டைப் 1 இருக்கறவங்களை வச்சு நடத்தி 1993ல வெளியான டிசிசிடிங்கற பெரிய ஆய்வுல, சுகரை இறுக்கமா வச்சவங்களுக்குக் கண் பாதிப்பு புதுசா வர்ற ஆபத்து 76 சதவீதம் குறைஞ்சது, கிட்னி, நரம்பு பாதிப்பும் நல்லாவே குறைஞ்சது. அதை இன்சுலின் வச்சுத்தான் சாதிச்சாங்க. தைராய்டு டெஸ்ட் இப்பவே எடுத்துடுங்க, கண்ணும் யூரின் அல்புமினும் 11 வயசு வாக்குல எப்ப ஆரம்பிக்கணும்னு உங்க டாக்டர் சொல்வார்.

பவுடரை ஏற்கெனவே குடுக்க ஆரம்பிச்சிருந்தா திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. இந்த மாதிரி பவுடர்ல லேபிள்ல போடாம சர்க்கரை நோய் மாத்திரையைக் கலந்து விக்கறது பல தடவை பிடிபட்டிருக்கு, அதனால டாக்டர்கிட்ட போகும்போது அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.