அசிங்க்ரனஸ் வளையத்தின் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: கடிகாரத் துடிப்பு இல்லாமல் ஹேண்ட்ஷேக் முறையில் இயங்கும் 6 நிலை பைப்லைன் வளையம் ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். தரவு ஒரு நிலையைக் கடக்க 2 நானோ வினாடியும், அதற்கான ஒப்புதல் முந்தைய நிலைக்குத் திரும்ப 3 நானோ வினாடியும் ஆகின்றன. வளையத்தில் ஒரே ஒரு தரவு சுற்றுகிறது. சிமுலேஷனில் 12 நானோ வினாடிக்கு ஒருமுறைதான் விடை வருகிறது. சுற்றின் தாமதங்களைச் சரிபார்க்கும் டைமிங் கருவியோ லூப் (தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதை) இருப்பதாக எச்சரித்துவிட்டு, அதை எங்கோ ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வழக்கமான டைமிங் கருவி, கடிகாரத் துடிப்பில் தரவைச் சேமிக்கும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் தொடங்கி இன்னொன்றில் முடியும் மிக நீண்ட பாதையைத் தேடுவதற்காக உருவானது. உங்கள் சுற்றின் வேகத்தைத் தீர்மானிப்பவையோ அது வெட்டி எறியும் அந்த லூப்கள்தான். ஒவ்வொரு லூப்பின் மொத்தத் தாமதத்தையும் அதில் சுற்றும் டோக்கன்களின் (தரவு ஓடும் திசையில் தரவுகள், ஒப்புதல் ஓடும் திசையில் காலியிடங்கள்) எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் ஈவுகளில் மிகப் பெரியதே சுழற்சி நேரம்.

உங்கள் வளையத்தில் தரவு ஓடும் திசையில் தாமதம் 12, டோக்கன் 1. எனவே ஈவு 12. ஒப்புதல் ஓடும் எதிர்த்திசையில் தாமதம் 18. அங்கே காலியாக இருக்கும் 5 நிலைகளே டோக்கன்கள் என்பதால் ஈவு 3.6. அடுத்தடுத்த இரு நிலைகளுக்கிடையிலான சிறு லூப்பில் தாமதம் 2 + 3, டோக்கன் 1, ஈவு 5. ஆகவே சிமுலேஷன் காட்டிய 12 சரியானதே. தரவுகளை இரண்டாக்கினால் ஈவுகள் 6, 4.5, 5 என்றாகி, சுழற்சி நேரம் 6 நானோ வினாடிக்கு இறங்கும். மூன்றாக்கினாலும் அதே 6தான், ஏனெனில் இப்போது காலியிடம் பற்றாமல் ஒப்புதல் திசை 6 ஆகிவிடுகிறது. நான்கானால் 9 ஆக ஏறிவிடும். இரண்டு தரவுகளை வைத்துக்கொண்டு ஒரு நிலையை நீக்கிப் பாருங்கள்: 5 நிலைகளில் மூன்று ஈவுகளும் சரியாக 5 ஆகின்றன. ஹேண்ட்ஷேக் தாமதங்களைக் குறைக்காத வரை இதைவிட வேகம் கிடைக்காது. நிலையைக் கூட்டினால் வேகம் கூடும் என்ற கடிகாரச் சுற்றுப் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும்.

பெரிய வலையமைப்புகளில் லூப்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அப்படி எண்ணாமலே மிகப் பெரிய ஈவைக் கண்டுபிடிக்கும் ஹோவர்டின் அல்காரிதம் அங்கே நன்றாக வேலை செய்கிறது.

இந்தக் கணக்கு, முல்லரின் சி-எலிமென்ட் போல, ஒவ்வொரு நிகழ்வும் தன் எல்லா உள்ளீடுகளுக்கும் காத்திருக்கும் சுற்றுகளுக்கே பொருந்தும். அவற்றில் ஒரு தாமதம் குறைவதால் வேறெதுவும் தாமதமாகாது என்பதால், எல்லாத் தாமதங்களுக்கும் உச்ச மதிப்பைப் போட்டுக் கிடைக்கும் விடை பாதுகாப்பான வரம்பாகும். முந்தி வருபவருக்கு வழிவிடும் ஆர்பிட்டர் நுழைந்துவிட்டால் அந்த உறுதி போய்விடும். பல செயலிகளுக்கு வேலை பங்கிடும்போது, ஒவ்வொரு வேலையின் நேரத்தையும் குறைத்தால்கூட மொத்த நேரம் கூடலாம் என்பதை 1966இலேயே கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாம் காட்டியிருக்கிறார். அத்தகைய பகுதிகளுக்குப் பலமுறை சிமுலேஷன் ஓட்டி, நேரங்களின் பரவலைப் பார்ப்பதே முறை.

சுழற்சி நேரம் வேகத்தை மட்டுமே சொல்கிறது. தரவுக் கம்பிகளோடு தரவு தயார் என்று அறிவிக்கும் ஒரு ரெக்வஸ்ட் கம்பி தனியாக ஓடும் வடிவமைப்பானால், ரெக்வஸ்ட் பாதையின் மிகக் குறைந்த தாமதம், தரவுப் பாதையின் மிக அதிகத் தாமதத்தையும் லாட்ச் தரவைப் பிடிப்பதற்கு முன் அது மாறாமல் இருக்க வேண்டிய செட்டப் நேரத்தையும் சேர்த்ததைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று ஒவ்வொரு நிலையிலும் தனியே சரிபாருங்கள். இதற்கு உங்கள் பழைய டைமிங் கருவியே போதும். லூப்பை எங்கே வெட்டுவது என்பதை மட்டும் அதன் விருப்பத்துக்கு விடாமல் நீங்களே குறித்துக் கொடுங்கள்.