பையில் மூன்று கிளவுஸ்

வணக்கம் ஐயா. நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். என் மகனுக்கு 14 வயது, பள்ளி பேஸ்பால் டீமில் ஆடுகிறான். கோச் அவனை ஒரு நாள் உள்வட்டத்தில் செகண்ட் பேஸில் நிறுத்துகிறார், மறுநாள் தூரத்து எல்லைப் பக்கம் லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்புகிறார். கேட்டால் 'யுட்டிலிட்டி பிளேயர்', பல இடத்திலும் ஆடுகிறவன், என்கிறார். எந்த இடத்திலும் தேறாதவனுக்குத்தான் அந்தப் பெயர் என்று எனக்குப் படுகிறது. கோச்சிடம் போய்ப் பேசலாமா? கிரிக்கெட்டில் இந்தத் தொந்தரவு இல்லையே.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிரிக்கெட்டை விடுங்கள், அது வேறு கதை. "எந்த இடத்திலும் தேறாதவன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு?

என் அப்பா ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். காலையில் எழுத்துக் கோர்ப்பார், மெஷின்காரர் வராத நாளில் மெஷின் ஓட்டுவார், சாயங்காலம் பைண்டிங்கில் உட்கார்ந்து தைப்பார். ஒரு தீபாவளிக்குப் பிரிவு வாரியாகப் போனஸ் பட்டியல் போட்டார்கள். எந்தப் பிரிவிலும் அவர் பெயர் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் விரல் இடுக்கில் இருந்த மையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், மை போன பிறகும்.

அதனால்தான் பேஸ்பால் வீரர் பென் ஸோப்ரிஸ்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 2006-இல் டாம்பா பே அணிக்கு ஷார்ட் ஸ்டாப்பாக, அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையில் நிற்கிறவராக, வந்தவர், முதல் இரண்டு வருடமும் பேட்டிங் எடுபடவில்லை. மேனேஜர் ஜோ மேடன் அவரை எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே நிறுத்தினார். 2009-இல் பந்து எறிகிற பிட்சர், பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கிற கேட்சர் தவிர மீதி 7 இடங்களிலும் ஆடி 27 ஹோம் ரன் அடித்தார். ஒரு அணியில் அப்போது 25 பேர்தான், அதில் பாதிப் பேர் பிட்சர்கள், அவசரத்துக்கு பெஞ்சில் இருப்பது நாலைந்து பேர். ஏழு இடத்துக்கும் போகக்கூடிய ஒருத்தன் இருந்தால் அந்த மேனேஜர் எவ்வளவு நிம்மதியாகத் தூங்குவார், யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் சும்மா இடம் மாறி நிற்கிற வேலை இல்லை. செகண்ட் பேஸில் நிற்கிறவனுடைய கிளவுஸ் சின்னது, குழி ஆழமில்லாதது, பந்து உள்ளே விழுந்த மறுகணம் மறு கையால் எடுத்து எறிந்தாக வேண்டும். அவுட்ஃபீல்டு, அதாவது எல்லைப் பக்கம் நிற்கிறவனுடைய கிளவுஸ் பெரியது, குழி ஆழம், ஓடி வந்து எட்டிப் பிடித்தால் பந்து தெறிக்கக் கூடாது. ஃபர்ஸ்ட் பேஸ் கிளவுஸுக்கு விரல்களே தனியாகப் பிரியாது. மூன்றுக்கும் கை பழக வேண்டும். கண்ணும்தான்: உள்வட்டமான இன்ஃபீல்டில் பந்து தரையில் குதித்து வருகிறது, அவுட்ஃபீல்டில் பேட்டில் பட்ட சத்தத்திலேயே முன்னால் ஓடுவதா பின்னால் ஓடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டையும் செய்கிறவனைத் தேறாதவன் என்பீர்களா?

ஸோப்ரிஸ்டுக்கு வருவோம். 2015-இல் கான்சாஸ் சிட்டி அணியோடு அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றார். அடுத்த வருடம் சிகாகோ கப்ஸ் அணி. அங்கே பெரும்பாலும் செகண்ட் பேஸ், ஆனால் உலகத் தொடரில் அந்த இடத்தில் ஹவியர் பாயெஸ் நிற்க, இவர் லெஃப்ட் ஃபீல்டுக்குப் போனார். கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், 6-6 சமம். எதிரணி கிளீவ்லேண்ட், இவருக்கு முந்தைய பேட்டர் ரிஸோவை வேண்டுமென்றே நடக்கவிட்டு, அதாவது அடிக்க விடாமல் ஃபர்ஸ்ட் பேஸுக்குச் சும்மா அனுப்பிவிட்டு, இவரை எதிர்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. ஸோப்ரிஸ்ட் மூன்றாவது பேஸ் கோட்டை ஒட்டி ஒரு டபுள், அதாவது இரண்டாவது பேஸ் வரை ஓடக்கூடிய அடி, அடித்தார், கப்ஸ் முந்தியது. 108 வருடம் காத்திருந்த அணிக்குக் கோப்பை வந்தது, தொடர் நாயகன் விருது இவருக்கு.

சரி, கோச்சிடம் தாராளமாகப் போங்கள். ஆனால் அவனை ஒரே இடத்தில் நிறுத்துங்கள் என்று கேட்கப் போகாதீர்கள். அவுட்ஃபீல்டுக்குத் தனி கிளவுஸ் வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். புதுத் தோல் இளக நாளாகும், சீசனுக்கு முன்னாலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சாயங்காலம் நீங்களே நாலு பந்து போடுங்கள், அவன் பிடித்துப் பழகட்டும்.