எடைக்குப் போடலாமா, யாரிடமாவது கொடுக்கலாமா?

கேள்வி: பள்ளிகளில் கணினி கற்பிக்க அரசு நடத்திய ‘கிளாஸ்’ திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு வந்த கணினிகளைப் பின்னாளில் ஏலம் விட்டபோது சிலவற்றை வாங்கினேன். இப்போது ‘யூனிகார்ன்’ என்ற பெயருடைய முழுக் கணினி ஒன்று, பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினியின் மதர்போர்டு (முதன்மைச் சுற்றுப்பலகை) ஒன்று, இன்டெல் 8271 சில்லுகள் மூன்று, ஃபெரான்டி நிறுவனத்தின் சில்லுகள் சில, ஒரு பெட்டி நிறைய ஐந்தேகால் அங்குல பிளாப்பிகள் (நிரல்களைப் பதிந்துவைக்கும் காந்தத் தட்டுகள்) ஆகியவை என்னிடம் உள்ளன. பழைய இரும்புக்கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். வேறு யாருக்கேனும் இவை பயன்படுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோவைத்தான், 1984-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு இந்திய அரசு தேர்ந்தெடுத்தது. மொகாலியில் இயங்கிய அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதன் இந்திய வடிவத்துக்கு இட்ட பெயரே யூனிகார்ன்.

பிரிட்டனின் கணினி அருங்காட்சியகங்களில் பிபிசி மைக்ரோ புதிய பொருளன்று. ஆனால் யூனிகார்ன் அங்கே எளிதில் கிடைக்காது என்பதால், கேம்பிரிட்ஜின் கணினி வரலாற்று மையத்துக்குப் படங்களுடன் எழுதிக் கேட்கலாம். அதற்கு முன் நம் நாட்டு அறிவியல் அருங்காட்சியகங்களைக் கேட்பதே முறை என்பது என் கருத்து. எனினும், காட்சிக்கு வைப்பார்களா, கிடங்கில் போடுவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏல ரசீதையும் பள்ளியின் பெயரையும் கணினியோடு சேர்த்தே கொடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், ஆய்வாளருக்கு அதனால் பாதிப் பயனே கிட்டும்.

சில்லுகளை அருங்காட்சியகத்துக்குத் தர வேண்டாம். பிளாப்பி ஓட்டியைக் கட்டுப்படுத்தும் 8271 அந்நாளிலேயே தட்டுப்பாடாகி விலையேறியதால், ஏகார்ன் பின்னர் 1770 என்ற வேறு சில்லுக்கு மாறியது. ஃபெரான்டியின் வீடியோ சில்லோ இந்தக் கணினிக்கென்றே செய்யப்பட்டது. அது பழுதானால், வேறொரு பழைய கணினியிலிருந்து கழற்றித்தான் பெரும்பாலும் மாற்றுவார்கள். ஆகவே, இக்கணினிகளைப் பழுதுபார்த்து ஓட்டுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்தால்தான் அவற்றுக்கு வேலை உண்டு. மதர்போர்டையும் அவர்களுக்கே கொடுக்கலாம். நியாயமான விலை கேட்பதில் தவறில்லை; ஆனால் எந்தக் கணினியில் பொருத்தப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். வாங்கி மறுநாளே விற்பவர் இக்கேள்விக்குத் தடுமாறுவார்.

எல்லாவற்றிலும் அவசரமானவை பிளாப்பிகள். உங்கள் பள்ளி ஆசிரியர்கள் எழுதிய நிரல்கள் அவற்றில் இருந்தால், அவற்றுக்கு வேறு பிரதியே இல்லாமல் போகலாம். பூஞ்சை படிந்த தட்டை ஓட்டியில் செருகினால் காந்தப்பூச்சு உரிந்துவிடக்கூடும். எனவே நீங்களே முயலாமல், தட்டுகளைச் சுத்தம் செய்து படியெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொண்ட பிறகே மூலத்தைக் கைமாற்றுங்கள்.

கேள்வி: கொடுப்பதற்கு முன், யூனிகார்ன் ஓடுகிறதா என்று மின்னிணைப்புக் கொடுத்துப் பார்க்கலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். பிபிசி மைக்ரோ வகைக் கணினிகளின் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டு மின்தேக்கிகளின் உறை, காலப்போக்கில் விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அவை வெடித்துப் புகை கக்குவது வழக்கம். அவற்றை மாற்றிய பிறகே சோதிக்க வேண்டும். சோதிக்காத பொருள் என்று எழுதிக் கொடுப்பதே போதும். உதிரிச் சில்லுகளைச் சாதாரண பாலித்தீன் பையில் போடாமல், கால்கள் வளையாதபடி மின்கடத்தும் கறுப்பு நுரைப்பஞ்சில் குத்தி அனுப்புங்கள். மேலே கண்ணாடிச் சாளரம் உள்ள சில்லு இருந்தால், வெயில் பட்டு உள்ளடக்கம் அழியாதபடி அதன்மீது ஒளிபுகாத ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள்.