குளிரில் விரிசல் விட்ட வாட்டர் ஹீட்டர்

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு, வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். குளிர்காலம் முடிந்து தண்ணீர் ஏற்றியதும் வாட்டர் ஹீட்டரிலிருந்து நீர் ஒழுகுகிறது. எரிவாயு, மின்சாரம் இரண்டிலும் இயங்கும் 6 கேலன் ஹீட்டர் அது. பழுது பார்க்கலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் ஒழுகும் இடத்தைப் பாருங்கள். அழுத்த நிவாரண வால்விலோ, வடிகால் அடைப்பானிலோ சொட்டினால் செலவு சொற்பம். கலனின் உடலிலிருந்தே கசிந்தால், குளிர்காலத்தில் உள்ளே தங்கிவிட்ட நீர் உறைந்திருக்க வேண்டும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால் கலன் புடைத்து விரிசல் விடுகிறது. அழுத்தத்தில் இயங்கும் கலனுக்கு ஒட்டுப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதியதை வாங்குமுன், டிரெய்லரின் பக்கச் சுவரில் ஹீட்டர் பொருந்தியிருக்கும் திறப்பை அளந்துகொள்ளுங்கள். 6 கேலன் என்ற கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு சற்று மாறும். சபர்பன் நிறுவன ஹீட்டரின் உட்பூச்சிட்ட எஃகுக் கலனில், துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கலனைக் காக்கும் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். அதை ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்த்து, பெரும்பகுதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆட்வுட் நிறுவன வகையின் கலன் அலுமினியம் என்பதால் அந்தத் தண்டு கிடையாது.

கழற்றும் முன் மின்சாரத்தையும் 12 வோல்ட் பேட்டரி இணைப்பையும் துண்டித்து, எரிவாயு உருளையை மூடி, கலன் ஆறியபின் அழுத்தத்தை வெளியேற்றி நீரை வடித்துவிடுங்கள். பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதிய ஹீட்டரின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒட்டுவது நல்லது. சிலிக்கோன் பசை பூசினால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்தமாட்டார். எரிவாயு இணைப்பில் பழக்கமில்லையென்றால் அந்த ஒரு வேலையையாவது உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். யார் செய்தாலும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பலரும் தவறுவது கடைசிக் கட்டத்தில்தான். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுதும் வெளியேறி நீர் சீராக வரும்வரை மின்சார ஸ்விட்சைத் தொடக் கூடாது. வெறுங்கலனில் மின்சாரம் பாய்ந்தால் சூடேற்றும் கம்பி சிறிது நேரத்திலேயே கருகிவிடும். அடுத்த குளிர்காலத்துக்கு முன் கலனை வடித்து, அதன் பின்புறமுள்ள, கலனுக்குள் விடாமல் நீரைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டால், குழாய்களுக்கு ஊற்றும் உறையாத் திரவம் கலனை நிரப்பி வீணாகாது.

கேள்வி: இதே சாக்கில், கலனே இல்லாத உடனடி ஹீட்டருக்கு மாறிவிடலாமா?

பதில்: அவற்றில் பெரும்பாலானவை எரிவாயுவில் மட்டுமே இயங்குகின்றன, முகாம் கட்டணத்தோடு கிடைக்கும் மின்சாரத்தில் நீரைச் சூடாக்கும் வசதியை இழப்பீர்கள். வெந்நீர் தீராது என்பது உண்மைதான். ஆனால் கழிவுநீர் இணைப்பில்லாத இடத்தில் நீண்ட நேரம் குளித்தால், வெந்நீர் தீருமுன் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிடும்.