அவர் காசில் அவர் குடிக்கிறார்?

கேள்வி: என் கணவர் தன் சம்பாத்தியத்தில்தான் குடிக்கிறார். அந்தப் பணத்தில்தானே அரசுத் திட்டங்களும் நடக்கின்றன? இதில் ஊருக்கு என்ன நஷ்டம்?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: டாஸ்மாக் வருமானம் 2023-24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது உண்மைதான் அம்மா. வரவை எழுதுகிறார்கள், செலவை எழுத நோட்டு இல்லை.

நான் காசிமேட்டுக்காரி. அப்பா விசைப்படகுத் தொழிலாளி. பங்குக் காசு பிரிக்கும் நாளில் அம்மா மீன் கூடையோடு ஏலக்கூடத்து வாசலிலேயே நிற்பார். அப்பா பின்வழியாகப் போய்விடுவார். அம்மாவின் பித்தளைக் குடம் அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்து நடந்து, ஒரு தீபாவளிக்குப் பிறகு திரும்பவே இல்லை. எட்டாம் வகுப்போடு அண்ணன் ஐஸ் உடைக்கப் போனான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன்! கடைசியில் கல்லீரல் வீங்கி, அப்பா அரசு மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தார். அந்தக் கட்டிலும் மருந்தும் ஊர்ப் பணம். அண்ணனின் படிப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது?

2019இல் மட்டும் உலகம் முழுவதும் மதுவால் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனக்கு அந்த ஒருவர் போதும்.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, கட்டணம் இல்லை. அவர் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள்.