குறைந்த காசில் ஒரு அமெச்சூர் வானொலிக் கழகத்துக்கு இணைய வசதியை எப்படி நடத்துவது?

நீங்களும் பத்துப் பதினைந்து பேர் சந்தா போட்டு ஓட்டுகிற கழகம்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேகத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். வானொலி நிலையங்களை இணையம் வழியே இணைக்கிற எக்கோலிங்க் மென்பொருளில் குரல் போவது நொடிக்கு ஏறத்தாழ 13 கிலோபிட் ஜிஎஸ்எம் கோடெக்கில், அதாவது குரலைச் சுருக்கி அனுப்பும் முறையில். ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் 10 எம்பி தாண்டாது. இருக்கும் இடம், குறுஞ்செய்தி போன்ற சிறு தகவல்களை வானொலியில் அனுப்புகிற ஏபிஆர்எஸ் அதைவிடச் சொற்பம். "ஃபைபர் இல்லாமல் என்ன கழகம்" என்று இங்கேயும் யாராவது வருவார்கள், தெரியும். ஃபைபர் கிடைக்கிற டவுனில் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்கவில்லை.

எங்களுக்குக் கிடைக்கவில்லை. இலங்கையில் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மேட்டில், உறுப்பினர் ஒருவரின் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்னால்தான் எங்கள் ஆன்டெனா கம்பம் நிற்கிறது. இணைப்புக்கு விண்ணப்பிக்கப் போனால் முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக்காரருக்குத் தனி வீட்டு இலக்கம் எங்கே இருக்கிறது? கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் வந்து சேர்ந்த பிள்ளைகள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, அதனால் 4ஜி சிம்தான் போட்டோம். அதில் வரும் சிக்கல் சிஜிநாட், அதாவது பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பது: வெளியிலிருந்து உங்கள் ரவுட்டருக்குள் யாரும் நுழைய முடியாது, எக்கோலிங்க் கேட்கிற யுடிபி 5198, 5199 போர்ட் இரண்டையும் திறந்து வைத்தாலும் பயனில்லை. நடுவில் நின்று கடத்திவிடுகிற எக்கோலிங்க் ப்ராக்ஸி சர்வர் வழியாகப் போங்கள். இணைப்பை நாமே உள்ளிருந்து டிசிபி 8100 போர்ட்டில் தொடங்குவதால் வேலை செய்யும். ரவுட்டர் பழையதே போதும், ரவுட்டருக்கான இலவச மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி அதில் ஏற வேண்டும். 4 எம்பி ஃபிளாஷ் உள்ளதை யாராவது சும்மா தந்தாலும் வாங்காதீர்கள், இப்போதைய பதிப்பு அதில் ஏறாது.

காசு செலவாக வேண்டிய இடம் இடிதான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இந்த மலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பத்திலிருந்து அறைக்கு இழுத்த லேன் கேபிள் வழியாகவே எங்கள் ரவுட்டரும் சுவிட்சும் ஒரே மழையில் போய்விட்டன. இப்போது லேன் சிக்னலை ஒளியாக மாற்றுகிற மீடியா கன்வெர்ட்டர் இரண்டு, நடுவில் மின்சாரம் கடத்தாத ஃபைபர் கேபிள், கம்பத்தடியில் சோலாரில் ஏறுகிற 12 வோல்ட் பெட்டரி. அறைக்கும் கம்பத்துக்கும் இடையில் செம்புக் கம்பி எதுவுமே கிடையாது. ஆன்டெனாவுக்கு எர்த் போடுவது தனி வேலை, அதை விட்டுவிடாதீர்கள். கரண்ட் போனாலும் கழகம் பேசும். 2022இல் மணிக்கணக்கில் வெட்டினார்களே, அப்போது இப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும்.

அப்புறம், மாத டேட்டா பாதியில் தீர்ந்தால் வானொலியைக் குறை சொல்லாதீர்கள், கூட்டத்துக்கு வந்து போனில் கிரிக்கெட் பார்க்கிறவர்களைப் பாருங்கள். நான் எக்கோலிங்க், ஏபிஆர்எஸ், இணையப் பெயரை முகவரியாக்குகிற டிஎன்எஸ், நேரம் சரிபார்க்கிற என்டிபி இவற்றுக்கு மட்டும் வழி விட்டு மற்றதையெல்லாம் அடைத்துவிட்டேன். அதற்காகச் சிலர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பரவாயில்லை, டேட்டா மாதக் கடைசி வரை வருகிறது.