கையால் அடைத்த .303 தோட்டா சேம்பருக்குள் போக மறுத்தால்

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்): பெரியப்பாவிடமிருந்து வந்த நம்பர் 4 லீ-என்ஃபீல்டு ரைஃபிள், .303. உரிமம் இப்போது என் பெயரில். நண்பர் கொடுத்த, ஏற்கெனவே சுட்ட பிஎம்பி (தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு) பித்தளைக் கூடுகள் 50-ஐக் கழுத்து மட்டும் சைஸ் செய்து (டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து), 174 கிரெய்ன் எடையுள்ள ரவை (பாய்ந்து செல்லும் குண்டு) வைத்து அடைத்தேன். 36 சரியாகப் போகின்றன. மீதி 14-க்கு போல்ட் கைப்பிடி பாதியில் நின்றுவிடுகிறது. கடைத் தோட்டா வழுக்கிக்கொண்டு போகிறது. கொஞ்சம் அழுத்தி மூடலாமா, அல்லது டையை இன்னும் கீழே இறக்க வேண்டுமா?

பதில்: அழுத்தவே கூடாது. டையையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

கடைத் தோட்டா போகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) பழைய கிரீஸ் இறுகிக் கிடந்தாலோ, எப்போதோ அறுந்த கூட்டின் முன்பாதி உள்ளே ஒட்டியிருந்தாலோ, கடைத் தோட்டாவும் முரண்டு பிடித்திருக்கும். அடுத்த துப்பு 14 என்ற எண்ணிக்கை. டை அமைப்பு மட்டும் தவறு என்றால் ஐம்பதுமே ஏறக்குறைய ஒரே மாதிரி மக்கர் செய்திருக்கும். சில மட்டும் நிற்கின்றன என்றால் கூட்டுக்குக் கூடு ஏதோ வித்தியாசம் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் இரண்டின் மேல்: உங்கள் நண்பரின் கூடுகள் வெவ்வேறு துப்பாக்கிகளில் சுடப்பட்டவை, அல்லது அவற்றின் நீளம் ஒன்றுபோல் இல்லை.

எங்கே முட்டுகிறது என்று முதலில் பாருங்கள். போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். அடைத்த தோட்டாவோடு செய்யும் சோதனை எதுவும் போல்ட் துப்பாக்கியில் இருக்கும்போது வேண்டாம். மறுக்கும் தோட்டா ஒன்றைக் கறுப்பு மார்க்கரால் முழுவதும் பூசிக் காயவிடுங்கள். குழல் கீழ்நோக்கி இருக்க, விரலால் சேம்பருக்குள் விடுங்கள். நல்ல தோட்டா 'டக்'கென்று விழும், விளிம்பு குழலின் பின்முகத்தில் உட்காரும், தலைகீழாகப் பிடித்தால் தானே வெளியே வரும். மறுக்கும் தோட்டாவை இலேசாக விரலால் தள்ளி, எடுத்து, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

விளிம்புக்குச் சற்று மேலே, உடலைச் சுற்றி அழிந்திருந்தால், அந்தக் கூடு உங்களுடையதைவிடப் பெரிய சேம்பரில் சுடப்பட்டு ஊதியது. போர்க்காலத்தில் சேறும் மண்ணும் படிந்தாலும் தோட்டா ஏற வேண்டும் என்று .303 சேம்பர்களைத் தாராளமாகக் கடைந்தார்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாது. கழுத்து சைஸ் டை உடலைத் தொடவே தொடாது. ஆகவே இரவல் கூடுகளை முதல் முறை முழு சைஸ் டையில் போட்டே ஆக வேண்டும்.

ஆனால் டையை ஷெல் ஹோல்டரில் (கூட்டின் அடியைப் பிடிக்கும் பகுதி) முட்டும்வரை இறக்கிப் பூட்டாதீர்கள். .303 விளிம்பில் நிற்கும் தோட்டா, சேம்பரில் அதை நிறுத்துவது தோள் அல்ல. தோளை (உடல் கழுத்தாகச் சுருங்கும் சரிவை) மிகவும் பின்தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு முன்னோக்கி நீண்டு, சில சுற்றுகளில் அடிக்கு மேலே அறுந்துவிடும். பிரஸ் ராமை (கூட்டை டைக்குள் தூக்கும் தண்டை) உயர்த்தி, டை ஷெல் ஹோல்டரைத் தொட்டபின் ஒரு முழுச் சுற்று பின்வாங்குங்கள். அது ஏறக்குறைய 1.8 மி.மீ. மறுத்த தோட்டாக்களைப் பிரித்து எடுத்த கூட்டுக்கு எண்ணெய் தடவி (தோளில் வேண்டாம், பள்ளம் விழும்) சைஸ் செய்து சேம்பரில் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் எட்டில் ஒரு சுற்று, அதாவது 0.23 மி.மீ. இறக்குங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: நடுவழியில் ஒரு கட்டத்தில் முன்பைவிட மோசமாக மறுக்கும். உடல் நெருக்கப்படும்போது பித்தளை மேலே ஓடித் தோளை முன்தள்ளுவதால் அப்படி. பயப்படாமல் இன்னும் சிறிது இறக்குங்கள். விரலில் தானே விழும் இடத்தில் லாக் நட்டைப் பூட்டிவிடுங்கள். உங்கள் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டபின் அதே கூடுகளுக்குக் கழுத்து சைஸ் போதும்.

போல்ட்டோடு சோதிக்க விரும்பினால் வெறுங்கூடு மட்டும். லீ-என்ஃபீல்டு முன்தள்ளும்போதே ஸ்பிரிங் ஏறும் வகை. அந்த எதிர்ப்பைத் தோட்டா முட்டுவதாக நினைத்துவிடாதீர்கள். கைப்பிடி கீழே இறங்கும் அந்தச் சிறு திருப்பம் இலகுவா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மை தோளின் மூலையில் வளையமாக அழிந்திருந்தால் கதையே வேறு: சீட்டிங் டை (ரவையைக் கூட்டில் உட்காரவைக்கும் டை) மிகவும் கீழே நிற்கிறது. ரவையை உட்காரவைக்கும்போதே டைக்குள் இருக்கும் கிரிம்ப் படி (கூட்டின் வாயை ரவைமேல் மடக்கும் விளிம்பு) வாயை நெருக்க, போக இடமில்லாமல் தோள் வெளியே பிதுங்குகிறது. நீளமான கூடுகளில் மட்டுமே இது நடக்கும் என்பதால் 14 என்ற எண்ணிக்கைக்கும் பொருந்துகிறது. வெர்னியரால் அளந்து பாருங்கள். கூட்டின் உச்ச நீளம் 56.44 மி.மீ.; அதற்கு மேல் இருப்பதை 56.2-க்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு நீக்குங்கள். பிறகு வெறுங்கூட்டை ராமில் ஏற்றி, டை வாயைத் தொடும்வரை இறக்கி, ஒரு சுற்று பின்வாங்கிப் பூட்டுங்கள். ரவையின் ஆழத்தை நடுத்தண்டால் மட்டும் சரிசெய்யுங்கள். மேகசினிலிருந்து சுடும் போல்ட் துப்பாக்கிக்கு, கழுத்து ரவையை இறுகப் பிடித்தால் கிரிம்ப் அவசியமே இல்லை என்பது என் கருத்து.

வாய் விளிம்பில் அழிவு தெரிந்தாலும் நீளம்தான் காரணம், இவை எல்லாவற்றிலும் மிக ஆபத்தானது அதுதான். சேம்பர் முடிவில் வாய் நெருக்கப்பட்டால் ரவையை விடுவிக்க முடியாது; அழுத்தம் தாறுமாறாக ஏறும். அழுத்தி மூடலாமா என்ற கேள்விக்கு விடை அதுதான். ரவையின் மூக்கில் நீளவாட்டுக் கீறல்கள் தெரிந்தால் அது ரைஃபிளிங்கை (குழலின் உள்சுவரில் உள்ள சுருள் வரிகளை) தொடுகிறது. மொத்த நீளம் 78.1 மி.மீ.-க்குள் இருக்கும்படி உள்ளே தள்ளுங்கள்.

அந்த 14-ஐ அடைத்த நிலையிலேயே முழு சைஸ் டையில் போடாதீர்கள், உயிருள்ள தோட்டா. சுத்தியல் புல்லரால் (தட்டி ரவையைக் கழற்றும் கருவி) ரவையை எடுத்து, மருந்தைக் கொட்டிக் கூட்டைத் தனியே எடுங்கள். மீண்டும் பயன்படுத்துவதற்கு முன், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மடக்கி, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே சுவரோடு இழுங்கள். அடிக்கு ஒரு செ.மீ. மேலே பள்ளத்தில் நுனி 'க்ளிக்'கென்று சிக்கினால், அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நண்பர் எத்தனை முறை சுட்டார் என்பதை அதுவே சொல்லிவிடும்.

தனியாகப் போட்டால் போகிறது, மேகசினிலிருந்து மட்டும் நிற்கிறது என்றால் இதில் எதுவும் காரணமல்ல. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. மேலே வருவதன் விளிம்பு எப்போதும் கீழுள்ளதற்கு முன்னால் நிற்கும்படி ஏற்றுங்கள்.